அடிமைச் சிறார் எழுத்தறிந்த மரவீடு

பல்கலைக்கழக வளாகங்களில் காணப்பெறும் பழங்கட்டடங்கள் இருவகைப்படும். கட்டியவர் பெயரும் கட்டிய ஆண்டும் முகப்பில் பொறிக்கப்பெற்று, வருவோரெல்லாம் அண்ணாந்து நோக்க நிமிர்ந்து நிற்பவை ஒருவகை. எவர் கட்டினார், எதற்குக் கட்டினார் என்பதெல்லாம் மறைந்துபோக, அலுவலகமாகவோ பொருளறையாகவோ ஒரு மூலையில் ஒதுங்கி நிற்பவை மற்றொரு வகை. முதல்வகைக் கட்டடங்களில்தான் வரலாறு குடியிருக்கிறது என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில், வில்லியம்ஸ்பர்க் நகரிலுள்ள ஒரு சிறு மரவீட்டின் கதை நமக்கு உணர்த்துகிறது. வில்லியம் அண்ட் மேரி என்னும் பழம்பெரும் கல்வி நிறுவனத்தின் வளாகத்தில், தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அடையாளமின்றி நின்ற அவ்வீடு, அடிமைகளின் குழந்தைகளுக்காக 1760-இல் தொடங்கப்பெற்ற பள்ளி என்பது 2020-ஆம் ஆண்டில்தான் ஐயத்திற்கிடமின்றி உறுதியாயிற்று. அப்பள்ளி ஏன் தோன்றியது, அதில் என்ன கற்பிக்கப்பட்டது, கற்றவர்கள் அக்கல்வியை என்ன செய்தார்கள், அக்கட்டடம் எவ்வாறு மறக்கப்பட்டு மீண்டும் கண்டறியப்பட்டது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கல்லூரியும் அடிமை முறையும்

வில்லியம் அண்ட் மேரி கல்லூரி இங்கிலாந்து அரசரும் அரசியும் வழங்கிய பட்டயத்தின்படி 1693-இல் நிறுவப்பெற்றது. அமெரிக்க நாட்டின் உயர்கல்வி நிறுவனங்களுள் தொன்மையில் அது ஹார்வர்டுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படுகிறது. அதன் முதற் கட்டடத்திற்கு 1695-இல் கால்கோள் நடைபெற்றது. அமெரிக்க விடுதலைப் பறைசாற்றத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் இக்கல்லூரியில் 1760 முதல் 1762 வரை பயின்றவர்.

அறிவுக்கோயிலாக விளங்கிய இந்நிறுவனம் அடிமைகளையும் உடைமையாகக் கொண்டிருந்தது. வகுப்பறைகளைத் துப்புரவு செய்தோரும், மாணவர்க்கு உணவு சமைத்தோரும் விலைக்கு வாங்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களும் அவர்தம் வழித்தோன்றல்களுமே ஆவர். கல்லூரிக்குச் சொந்தமான புகையிலைத் தோட்டத்தில் அடிமைகள் உழைத்து ஈட்டிய வருவாய், மாணவர்க்கு உதவித்தொகையாகவும் பயன்பட்டது. அக்காலத்தில் வில்லியம்ஸ்பர்க் நகர மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பினத்தவர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். தாய் அடிமையாயின் பிறக்கும் குழந்தையும் அடிமையே என்று 1662-ஆம் ஆண்டிலேயே வர்ஜீனியாவில் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. எனவே தொட்டிலிலேயே ஒருவரின் விலைப்பொருளாகிவிட்ட குழந்தைகள் நிறைந்த நகரம் அது. அத்தகைய நகரத்தில் அக்குழந்தைகளுக்கென ஒரு பள்ளி தோன்றியது வியப்பிற்குரியதே.

பள்ளியின் தோற்றுவாய்

இப்பள்ளியின் வேரைத் தேடிச் சென்றால் இலண்டனில் வாழ்ந்த தாமஸ் பிரே என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குருவிடம் சென்று சேர்கிறோம். நூல்களின் வாயிலாகச் சமய அறிவைப் பரப்புதல் வேண்டும் என்பது அவர்தம் வாழ்நாள் நோக்கம். கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் என்னும் எஸ்.பி.சி.கே. அமைப்பைப் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் தோற்றுவித்தவருள் தலையாயவர் இவரே.

தமிழ் பயில்வோர்க்கு இச்சங்கத்தின் பெயர் புதியதன்று. தரங்கம்பாடியில் சமயப்பணி புரிந்த சீகன்பால்குவுக்கு 1712-இல் அச்சுப்பொறி அனுப்பி உதவியது இச்சங்கமே. புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தது. காவிரிக் கழிமுகத்துக் கடற்கரைக்கு அச்சுப்பொறியை அனுப்பிய இயக்கமும், வர்ஜீனியாவின் அடிமைச் சிறார்க்கு எழுத்துக்கூட்டும் நூல்களை அனுப்பிய இயக்கமும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இரண்டிலும் நோக்கம் சமயத்தைப் பரப்புதலே. ஆயின் இரண்டிலும் விளைவு அந்நோக்கத்தின் எல்லையைக் கடந்து சென்றது. தரங்கம்பாடியில் தொடங்கிய அச்சுப்பணி தமிழ் அச்சு வரலாற்றின் ஓர் இன்றியமையாத அத்தியாயமாயிற்று. வில்லியம்ஸ்பர்க்கில் நிகழ்ந்ததை இனிக் காண்போம்.

பிரேயின் பணிகளைத் தொடர்வதற்காக 1724-இல் 'டாக்டர் பிரேயின் தோழர்கள்' என்னும் குழு அமைந்தது. பிரே 1730-இல் மறைந்த பின்னரும் அக்குழு இயங்கி வந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களில் வாழ்ந்த கறுப்பினத்தவர்க்குச் சமயக் கல்வி அளித்தல் அதன் பணிகளுள் ஒன்று. அக்காலத்தில் இலண்டனில் தங்கியிருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் இக்குழுவினர்க்கு ஆலோசனை வழங்கினார். அவர்தம் யோசனையின் வழியே 1758-இல் பிலடெல்பியாவில் முதற்பள்ளி தொடங்கப்பெற்றது. அது நன்கு நடைபெறக் கண்டு, வேறு எந்நகரங்களில் பள்ளிகள் தொடங்கலாம் என்று குழுவினர் 1760-இல் வினவியபோது நியூயார்க், நியூபோர்ட், வில்லியம்ஸ்பர்க் ஆகிய மூன்றையும் பிராங்க்ளின் எடுத்துரைத்தார். வில்லியம்ஸ்பர்க் பள்ளிக்குப் பொறுப்பாளராக இருக்கத்தக்கவர் என்று அவர் சுட்டியவருள் ஒருவர் அந்நகர அச்சகரும் அஞ்சல் தலைவருமான வில்லியம் ஹண்டர். மற்றொருவர் வில்லியம் அண்ட் மேரி கல்லூரித் தலைவர் தாமஸ் டாசன். கல்லூரிக்கும் இப்பள்ளிக்கும் உள்ள தொடர்பு இவ்வாறு தொடக்கத்திலேயே ஏற்பட்டுவிட்டது.

வீடு பள்ளியாதல்

கல்லூரிக்கு அருகில் டட்லி டிக்ஸ் என்பவருக்கு உரிய மரவீடு ஒன்று அப்பொழுதுதான் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. அவ்வீடு ஆண்டுக்கு எட்டுப் பவுன் வாடகைக்கு அமர்த்தப்பட்டது. 1760-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் இருபத்து நான்கு குழந்தைகளுடன் பள்ளி தொடங்கிற்று. ஆசிரியையாக ஆன் வேஜர் என்னும் கைம்பெண் பொறுப்பேற்றார். முன்னர்ச் செல்வர் இல்லங்களில் வெள்ளையர் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தவர் அவர். இப்பள்ளியில் அவர் ஒருவரே ஆசிரியை. பள்ளி நடந்த வீட்டிலேயே தங்கி, தம் இறுதிக்காலம் வரை பதினான்கு ஆண்டுகள் இப்பணியை ஆற்றினார்.

டாசனும் ஹண்டரும் 1761-க்குள் அடுத்தடுத்து மறைந்தனர். பின்னர்ப் பள்ளியின் பொறுப்பு வழக்கறிஞரான ராபர்ட் கார்ட்டர் நிக்கோலஸ் என்பவரைச் சார்ந்தது. இவர் பின்னாளில் வர்ஜீனியாவின் கருவூலத் தலைவராகவும் விளங்கியவர். பள்ளியின் நிலை, செலவு, மாணவர் பெயர் ஆகியவற்றை அவ்வப்போது எழுதி இலண்டனுக்கு அனுப்பினார். அக்கடிதங்கள் அழியாமல் காக்கப்பட்டமையால்தான் இப்பள்ளியைப் பற்றி நாம் இவ்வளவு அறிய முடிகிறது.

டிக்ஸின் வீட்டில் பள்ளி ஏறத்தாழ ஐந்தாண்டுகள் நடைபெற்றது. 1765-இல் நகரின் வேறோர் இடத்திற்குப் பள்ளி மாறிற்று.

கற்பித்தது யாது?

நிக்கோலஸ் 1762-இல் பள்ளிக்கென விதிகள் வகுத்தார். அவற்றைப் படிக்கும்போது அப்பள்ளியின் இருமுகமும் நமக்குத் தெளிவாகத் தெரிகின்றன. குழந்தைகளை அனுப்பும் உடைமையாளர்கள் குறைந்தது மூன்றாண்டுகளேனும் அவர்களைப் பள்ளியில் விட்டுவைக்க வேண்டும். குளிர்காலத்தில் காலை ஏழு மணிக்கும், கோடையில் ஆறு மணிக்கும் அவர்கள் வந்துசேர வேண்டும். ஆசிரியை அவர்களைத் தூய்மையாக இருக்கச் செய்தல் வேண்டும். சொற்களைப் பிழையின்றி எழுத்துக்கூட்டவும், நிறுத்தற்குறி அறிந்து தெளிவாக ஒலித்துப் படிக்கவும் பழக்குதல் வேண்டும். ஞாயிறுதோறும் வழிபாட்டிற்கு அழைத்துச் செல்லல் வேண்டும். பொய், களவு, தீச்சொல் ஆகியவற்றை விலக்கக் கற்பித்தல் வேண்டும். இவ்வளவும் எந்தப் பள்ளிக்கும் பொருந்துவனவே.

இவற்றோடு வேறு சில விதிகளும் இருந்தன. தம் உடைமையாளர்க்கு விசுவாசமாகவும் கீழ்ப்படிந்தும் நடக்குமாறு குழந்தைகளுக்கு எப்போதும் அறிவுறுத்தல் வேண்டும். பெண் குழந்தைகளுக்குப் பின்னலும் தையலும், உடைமையாளர்க்குப் பயன்படக்கூடிய பிற வேலைகளும் கற்பித்தல் வேண்டும். கல்வியின் பயன் கற்பவர்க்கு உரியதன்று, அவரை உடைமையாகக் கொண்டவர்க்கே உரியது என்னும் கருத்து இவ்விதிகளில் வெளிப்படையாகவே நிற்கிறது. அடிமை நிலையை மாற்றுவதற்காக இப்பள்ளி தோன்றவில்லை. அடிமைநிலை இறைவன் வகுத்தது என்று குழந்தைகளை ஏற்கச் செய்து, அதற்குள்ளேயே அமைந்து வாழப் பழக்குவதே அமைத்தவர் கருத்து. பாடநூல்களும் அதற்கேற்பவே அமைந்தன. வினாவிடை வடிவிலான சமயநூல், வழிபாட்டு நூல், விவிலியம், எழுத்துக்கூட்டும் நூல் ஆகியன இலண்டனிலிருந்து வந்தன. வாசிப்பே முதன்மையாகக் கற்பிக்கப்பட்டது.

இவ்வுண்மையை மறைத்து இப்பள்ளியைப் போற்றுவது வரலாற்றுக்குச் செய்யும் பிழையாகும். அதுபோலவே, நோக்கம் குறையுடையது என்பதற்காக அங்குப் பயின்ற குழந்தைகளின் கல்வியை ஒன்றுமில்லாததாக ஒதுக்குவதும் பிழையாகும். அமைத்தவர் நோக்கமும், கற்றவர் பெற்ற பயனும் வெவ்வேறானவை. இவ்விரண்டையும் பிரித்தறிந்தால்தான் இக்கட்டடத்தின் பெருமையும் துயரமும் ஒருங்கே விளங்கும்.

பெயர் பெற்ற குழந்தைகள்

நிக்கோலஸும் பிறரும் அனுப்பிய மாணவர் பட்டியல்களுள் 1762, 1765, 1769 ஆகிய மூன்று ஆண்டுகளுக்குரியவை கிடைத்துள்ளன. அவற்றிலிருந்து எண்பத்தாறு குழந்தைகளின் பெயர்கள் தெரியவருகின்றன. பதினான்கு ஆண்டுகளில் மொத்தம் முந்நூறு முதல் நானூறு வரையிலான குழந்தைகள் இங்குப் பயின்றிருக்கலாம் என்று ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். மூன்று வயது முதல் பத்து வயது வரையிலான குழந்தைகள் அவர்கள்.

பட்டியலில் குழந்தையின் பெயர் உள்ளது. உடைமையாளரின் பெயரும் உள்ளது. பெற்றோர் பெயருக்கு அதில் இடமில்லை. ஒரு குழந்தை யார் வீட்டுப் பிள்ளை என்பதற்கு மாறாக, யார் வீட்டுப் பொருள் என்பதையே அப்பட்டியல் கூறுகிறது. நகரின் உணவு விடுதி நடத்தியோரும், சட்டமன்றத் தலைவர்களும் தம் அடிமைச் சிறாரை அனுப்பியுள்ளனர். பள்ளியின் பொறுப்பாளரான நிக்கோலஸின் உடைமையாக ஹன்னா என்னும் ஏழு வயதுச் சிறுமி குறிக்கப்பட்டுள்ளாள். 1769-ஆம் ஆண்டுப் பட்டியலில் ஆடம், ஃபேனி என்னும் இரு குழந்தைகளுக்கு உரியவராகக் குறிக்கப்பட்டிருப்பது தனிமனிதர் அல்லர். அது வில்லியம் அண்ட் மேரி கல்லூரியே ஆகும். ஒரு கல்லூரி தன் உடைமையான குழந்தைகளை எழுத்துக்கூட்டிப் படிக்க அனுப்பியது. ஆயின் அவர்கள் அக்கல்லூரியில் என்றும் பயில இயலாது. இதனினும் கசப்பான முரண் கல்வி வரலாற்றில் அரிதே.

அடிமை அல்லாத கறுப்பினக் குழந்தைகள் சிலரும் இப்பள்ளியில் பயின்றனர். மாத்யூ ஆஷ்பி என்னும் உழைப்பாளியின் குடும்பம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. இவர் அடிமையல்லர், ஆனால் இவர் மனைவி ஆன் அடிமை. ஆகவே அவர்களுக்குப் பிறந்த ஜான், மேரி என்னும் குழந்தைகள் இருவரும் சட்டப்படி அடிமைகளே. ஜானும் மேரியும் பிரே பள்ளியில் பயின்றனர். ஆஷ்பி பாடுபட்டுப் பொருள் சேர்த்து, நூற்றைம்பது பவுன் கொடுத்துத் தம் மனைவியையும் மக்களையும் விலைக்கு வாங்கினார். அவ்வாறு வாங்கிய பின்னும் அவர்கள் விடுதலை பெற்றுவிடவில்லை. ஆளுநர் அவையின் இசைவின்றி எவரும் தம் அடிமையை விடுவித்தலாகாது என்பது 1723-ஆம் ஆண்டுச் சட்டம். எனவே சட்டத்தின் கண்ணில் ஆஷ்பி தம் மனைவி மக்களுக்கே உடைமையாளரானார். 1769 நவம்பரில் அவர் அவைக்கு விண்ணப்பம் செய்து, அவர்களுடைய விடுதலைக்கு இசைவு பெற்றார். ஒரு தந்தை தம் பிள்ளைகளுக்குத் தேடித்தந்த செல்வங்கள் இரண்டு: ஒன்று எழுத்து, மற்றொன்று விடுதலை.

உடைமையாளரின் அச்சமும் ஐசக் பீயின் துணிவும்

பள்ளியை நடத்துவது நிக்கோலஸுக்கு எளிதாக இருக்கவில்லை. வேலைக்கு உதவும் வயது வந்தவுடன் உடைமையாளர்கள் குழந்தைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டனர். படித்த அடிமை பணியமாட்டான் என்னும் அச்சமும் பலரிடம் இருந்தது. எழுத்தறிவு கீழ்ப்படிதலை வளர்க்கும் என்று பள்ளியமைத்தோர் நம்பினர். அது கீழ்ப்படிதலைக் குலைக்கும் என்று உடைமையாளர் அஞ்சினர். எழுத்தின் ஆற்றலை இவ்விரு சாராருள் நன்கு உணர்ந்திருந்தவர் உடைமையாளரே எனத் தோன்றுகிறது.

இக்கல்வியால் மனம் மாறியவர் மாணவர் மட்டுமல்லர். பிராங்க்ளின் 1763-இல் வில்லியம்ஸ்பர்க் சென்றபோது நிக்கோலஸைக் கண்டு பள்ளியைப் பற்றி உரையாடினார். அவ்வாண்டு இறுதியில், பிலடெல்பியாவில் உள்ள பிரே பள்ளியை நேரிற் சென்று பார்த்தபின் இலண்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பினத்தவரின் இயற்கையறிவைப் பற்றித் தாம் முன்னர்க் கொண்டிருந்த கருத்து உயர்ந்துவிட்டதாகவும், விரைந்து பற்றிக்கொள்ளும் திறனிலும் நினைவாற்றலிலும் அக்குழந்தைகள் வெள்ளையர் குழந்தைகளுக்கு எவ்வகையிலும் குறைந்தவரல்லர் என்றும் அதில் குறிப்பிட்டார். இதனை எழுதியபோது பிராங்க்ளினும் அடிமைகளை உடையவராகவே இருந்தார். அவர் பின்னாளில் பென்சில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்திற்குத் தலைவரானார். அம்மாற்றத்தின் முதற்படிகளுள் ஒன்று, சிறுகுழந்தைகள் வாய்விட்டுப் படிப்பதை அவர் செவிமடுத்த அந்நாள் எனலாம்.

உடைமையாளரின் அச்சம் வீண்போகவில்லை என்பதற்கு ஒரு செய்தித்தாள் விளம்பரம் சான்றாக உள்ளது. 1765-ஆம் ஆண்டுப் பட்டியலில் ஐசக் என்னும் சிறுவனின் பெயர் காணப்படுகிறது. ஜான் பிளேர் என்பவருக்கு உரியவனாக அவன் குறிக்கப்பட்டுள்ளான். பிளேர் இறந்த பின்னர் அவன் லூயிஸ் பர்வெல் என்பவரின் உடைமையானான். 1774-இல் இளைஞனாகிய ஐசக் பீ தப்பி ஓடினான். அவனைப் பிடித்துத் தருமாறு வர்ஜீனியா கெசட் என்னும் இதழில் பர்வெல் விளம்பரம் வெளியிட்டார். அவனுக்குப் படிக்கத் தெரியும் என்றும், எழுதத் தெரியுமா என்று தாம் அறியவில்லை என்றும் அவ்விளம்பரம் எச்சரிக்கிறது. தந்தை அடிமையல்லர் ஆதலால் தனக்கும் விடுதலைக்கு உரிமையுண்டு என்று அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான் என்றும் அது கூறுகிறது. எழுதத் தெரிந்த அடிமை தனக்குத்தானே வழிச்சீட்டு எழுதிக்கொண்டு எங்கும் செல்ல இயலும் என்பதே அவ்வச்சத்தின் காரணம். பணிவைக் கற்பிக்க எழுந்த பள்ளியில் பயின்ற ஒருவன் உரிமையைப் பற்றிச் சிந்தித்தான் என்பதை, அவனைத் துரத்தியவரே அச்சில் பதிவு செய்துவிட்டார்.

அதே 1774-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆன் வேஜர் மறைந்தார். அவருடன் பள்ளியும் முடிவுற்றது. அடுத்த ஆண்டில் விடுதலைப் போர் மூண்டது. இலண்டனிலிருந்து மீண்டும் உதவி வரவில்லை.

எழுத்துக்குத் தடை

இதன்பின் காலம் முன்னேறவில்லை, பின்னோக்கிச் சென்றது. 1760-இல் வர்ஜீனியாவில் அடிமைக்குக் கற்பித்தல் குற்றமாகக் கருதப்படவில்லை. 1819-ஆம் ஆண்டுச் சட்டம் படிக்கவோ எழுதவோ கற்பதற்கென அடிமைகள் பள்ளிகளில் கூடுவதைச் சட்டவிரோதக் கூட்டமாக்கியது. 1831-இல் இத்தடை அடிமையல்லாத கறுப்பினத்தவர்க்கும் விரிவாக்கப்பட்டது. உரிமையும் சமத்துவமும் பேசிய குடியரசு தோன்றிய பின்னர்த்தான் எழுத்து குற்றமாயிற்று என்பது நாம் ஊன்றிச் சிந்திக்க வேண்டிய செய்தி. கல்வி வாய்ப்பு தானாக வளர்ந்து கொண்டே செல்லும் என்று நம்பிவிடலாகாது என்பதை இது காட்டுகிறது.

மறக்கப்பட்ட கட்டடம்

வில்லியம் அண்ட் மேரி வளாகத்தில் வேறொரு பழைய பள்ளிக் கட்டடமும் உண்டு. பிராஃபர்டன் என வழங்கப்பெறும் அது 1723-இல் செங்கல்லால் கட்டப்பெற்றது. அறிவியலறிஞர் ராபர்ட் பாயிலின் சொத்திலிருந்து கிடைத்த நிதியைக் கொண்டு, அமெரிக்கத் தொல்குடிச் சிறுவர்க்கு ஆங்கிலமும் சமயமும் கற்பிக்க அது பயன்பட்டது. அது பெயருடன் நின்றது, பேணப்பட்டது. டிக்ஸின் மரவீட்டிற்கோ அந்நற்பேறு வாய்க்கவில்லை. அது கைமாறிக் கைமாறி, அறைகள் கூட்டப்பெற்று, தன் பழைய உருவையே இழந்தது.

1926-இல் ராக்ஃபெல்லரின் பொருளுதவியால் வில்லியம்ஸ்பர்க் நகரைப் பதினெட்டாம் நூற்றாண்டுத் தோற்றத்திற்கு மீட்டமைக்கும் பெரும்பணி தொடங்கிற்று. தலைவர்கள் வாழ்ந்த இல்லங்கள் தேடித்தேடிப் புதுப்பிக்கப்பட்டன. அப்பணி நடந்துகொண்டிருந்த 1930-ஆம் ஆண்டில், இம்மரவீடு தான் நின்ற இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, பிரின்ஸ் ஜார்ஜ் தெருவில் சற்றுத் தள்ளி நிறுத்தப்பட்டது. பழைய இடத்தில் பிரவுன் ஹால் என்னும் மாணவியர் விடுதி எழுந்தது. கறுப்பினச் சிறார் பயின்ற வீடும் பின்னர்க் கல்லூரியின் பயன்பாட்டிற்கு வந்தது. அந்நாளில் கறுப்பின மாணவர் எவரும் அக்கல்லூரியில் சேர இயலாது. 1951-இல்தான் ஹுலன் வில்லிஸ் என்பவர் முதற் கறுப்பின மாணவராக அங்குச் சேர்ந்தார். பின்னர் அவ்வீட்டில் இராணுவ அறிவியல் துறையின் அலுவலகம் இயங்கிற்று.

மரம் சொன்ன சாட்சியம்

கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் டெரி மேயர்ஸ் என்பார், பதினெட்டாம் நூற்றாண்டு வீடொன்று வளாகத்திற்குப் பெயர்க்கப்பட்ட செய்தியைப் பழைய நினைவுக்குறிப்பு ஒன்றில் படித்தார். அவ்வீடு எதுவாக இருக்கலாம் என்று ஆராய்ந்து, பிரே பள்ளி நடந்த வீடே அது என்னும் முடிவிற்கு வந்தார். பிரவுன் ஹால் பகுதியில் நிகழ்ந்த அகழாய்வில் கற்பலகைக் குச்சிகளின் துண்டுகளும் கிடைத்தன. ஆயினும் இன்று நிற்கும் வீடு 1760-இல் நின்ற வீடுதானா என்பதற்கு மறுக்கவியலாத சான்று தேவைப்பட்டது.

அச்சான்றை மரமே தந்தது. மரம் ஆண்டுதோறும் ஒரு வளையம் வளர்கிறது. மழை மிகுந்த ஆண்டில் வளையம் அகன்றும், வறண்ட ஆண்டில் குறுகியும் அமையும். ஒரு வட்டாரத்தில் வளரும் ஒரே இன மரங்களிலெல்லாம் இவ்வகலமும் குறுக்கமும் பெரும்பாலும் ஒத்தே காணப்படும். காலம் தெரிந்த பல மரங்களைக் கொண்டு அவ்வட்டாரத்திற்கு உரிய வளைய அட்டவணை ஒன்றை ஆய்வாளர் வகுத்து வைத்துள்ளனர். பழைய கட்டடத்தின் உத்தரத்தில் மெல்லிய துளையிட்டுக் குச்சி போன்ற ஒரு துண்டை எடுத்து, அதன் வளையங்களை அட்டவணையோடு ஒப்பிட்டால் மரம் வாழ்ந்த ஆண்டுகள் தெரிந்துவிடும். பட்டையை ஒட்டிய கடைசி வளையமும் சிதையாமல் இருப்பின், மரம் வெட்டப்பட்ட பருவத்தைக்கூடக் கூறலாம். அக்காலத் தச்சர்கள் மரத்தை வெட்டியவுடன் ஈரத்தோடு பயன்படுத்தினர். ஆகவே மரம் வெட்டிய ஆண்டே ஏறத்தாழ வீடு கட்டிய ஆண்டு. 2020-இல் இம்முறைப்படி ஆராய்ந்தபோது, அவ்வீட்டின் மரங்கள் 1759-60 குளிர்காலத்திற்கும் 1760 வசந்தத்திற்கும் இடையே வெட்டப்பட்டவை என்பது தெளிவாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் பள்ளி தொடங்கியது என்பதை முன்னரே கண்டோம். ஏட்டுச் சான்றும் மரச் சான்றும் ஒன்றோடொன்று பொருந்தின.

2021-இல் இச்செய்தி உலகிற்கு அறிவிக்கப்பட்டது. கறுப்பினக் குழந்தைகளின் கல்விக்காகப் பயன்பட்ட கட்டடங்களுள் அமெரிக்க நாட்டில் இன்று எஞ்சியிருப்பனவற்றில் இதுவே மிகப் பழமையானது எனக் கருதப்படுகிறது. 2023 பிப்ரவரி 10-ஆம் நாள் அவ்வீடு பெரிய ஊர்தியொன்றில் ஏற்றப்பட்டு, மக்கள் திரண்டு நோக்க, பல்கலைக்கழக வளாகத்திலிருந்து ஏறத்தாழ அரை மைல் தொலைவிலுள்ள வரலாற்றுப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பிற்காலத்துச் சேர்க்கைகள் நீக்கப்பெற்று, பழைய உருவம் மீட்கப்பட்டது. 2024 நவம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்று, 2025-இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. அங்குப் பயின்ற குழந்தைகளின் வழித்தோன்றல்களைத் தேடிக் கண்டறியும் பணியைப் பல்கலைக்கழகம் தனி ஆய்வகம் அமைத்து மேற்கொண்டுள்ளது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்கவை இரண்டு. முதலாவது, எழுத்தின் இயல்பைப் பற்றியது. எழுத்தைக் கண்ணுக்கு ஒப்பிட்டுப் பேசுவது தமிழ் மரபு. கண்ணைத் திறந்துவிட்டவர், அக்கண் எதைக் காண வேண்டும், எதைக் காணலாகாது என்று வரையறுக்க இயலாது. சமயவினாவிடையைப் படிக்கக் கற்ற ஐசக் பீ தன் உரிமையைத் தானே படித்துக்கொண்டான். எச்சமூகத்திற்கேனும் எழுத்து மறுக்கப்படும்போது, மறுப்போர் அஞ்சுவது இதனைத்தான்.

இரண்டாவது, ஏடுகளைப் பற்றியது. வீட்டின் வயதை மரம் கூறிற்று. ஆயின் ஆடம், ஃபேனி, ஹன்னா, ஜான், மேரி என்னும் பெயர்களை எம்மரமும் கூறியிராது. கணக்குக் காட்டுவதற்காக எழுதி அனுப்பப்பட்ட மூன்று பட்டியல்கள் கிழிபடாமல் இருந்தமையால்தான் எண்பத்தாறு குழந்தைகள் இன்று நம் நினைவில் உயிர்பெற்றுள்ளனர். எஞ்சியோர்க்குப் பெயரே இல்லாமற் போயிற்று. நம் ஊர்ப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் பரண்மேல் கட்டிவைக்கப்பட்டு, செல்லரித்துக் கிடக்கின்றன. ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப்படி ஏறிய சிறுவனின் பெயர், முதன்முதலாகப் பெயரெழுதக் கற்ற சிறுமியின் பெயர் அவற்றுள் இருக்கின்றன. கட்டடங்களுக்கு வெள்ளையடிக்கும் நாளில் அவ்வேடுகளையும் தூசு தட்டிப் படியெடுத்து வைப்போமாயின், நமக்குப் பின் வருவோர் நன்றியுடன் அவற்றைப் புரட்டுவர். தமிழ் பயிலும் மாணவர்கள் இப்பணியைத் தம் ஊரிலேயே, தாம் பயின்ற பள்ளியிலேயே தொடங்கலாம்.